ஆஃப் மேடும் நட்டு கிராணியும்

சிரம்பானிலிருந்து கெமாஸ் வரைக்கும் ஓடுகிற சின்னக் கார்களில் எதை வேண்டுமானாலும் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு நட்டாவது நட்டு கிராணி கையால் முடுக்கியதாக இருக்கும். இல்லை என்று யாராவது சொன்னால் அவர் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. பாமாயிலுக்காகச் செம்பனை பயிரிடும் எங்கள் எஸ்டேட்டில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்கு குமாஸ்தா. உரம், பூச்சிமருந்து, கையுறை, ரப்பர் காலணி எல்லாம் அவர் சாவிக்குள் அடக்கம். 'நட்டு' என்ற பட்டம் எப்படி வந்தது என்பதில் எஸ்டேட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. சட்டைப் பையில் எப்போதும் நாலு நட்டு கிடந்து கிலுகிலுக்கும், அதனால்தான் என்றது ஒரு கட்சி. தலைக்குள் ஒரு நட்டு கழன்றிருக்கிறது, அதனால்தான் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குத் தலைவி அவருடைய மனைவி பவானி அக்கா.

நான் அப்போது அதே எஸ்டேட்டில் தராசுக் கிராணி. பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை நுழைவாசல் பக்கத்துத் தராசில் ஏற்றி எடை போட்டு எழுதுவது என் வேலை. தராசுக் கொட்டகைக்கு எதிரே அவருடைய ஸ்டோர். லாரி வராத நேரத்தில் அவர் என் கொட்டகையில் இருப்பார், அல்லது நான் அவர் ஸ்டோரில் இருப்பேன். எங்கள் மேலதிகாரியான பெரிய கிராணி எங்களைத் தேடும்போது நாங்கள் இருவருமே நட்டு கிராணியின் காருக்கு அடியில் இருப்போம்.

அந்தக் காரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மலேசியாவில் பிறந்தவர்கள் எல்லாருமே வாழ்க்கையில் ஒருமுறையாவது கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னஞ்சிறு கார்தான். சமதரையில் தங்கமான பிள்ளை. மேடு என்று வந்துவிட்டால் மட்டும் அதற்கு இரண்டில் ஒன்றுதான் முடியும்: ஒன்று ஏறும், இல்லையென்றால் ஏர்கோண், அதாவது ஏசி, ஓடும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நடுவழியில் நின்று முனகும்.

எங்கள் எஸ்டேட் வாசலைத் தாண்டியதும் அப்படி ஒரு மேடு. அரசாங்க வரைபடத்தில் அதற்கு மலாயில் ஏதோ ஒரு 'புக்கிட்', அதாவது குன்று, என்ற பெயர் இருக்கிறது. எங்களுக்கு அது 'ஆஃப் மேடு'. அடிவாரம் வந்ததும் காரில் இருக்கிற எல்லாரும் ஒரே குரலில் "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்பார்கள். ஓட்டுகிறவர் ஏர்கோணை அணைப்பார். நாலு கண்ணாடியும் இறங்கும். முன்னால் போகும் லாரியின் புகை, செம்மண், செம்பனைப் பழத்தின் வாசம் மூன்றும் டிக்கெட் வாங்காமல் உள்ளே ஏறிக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் அம்மா, அப்பா என்று பேசக் கற்றுக்கொண்ட கையோடு சொல்லும் மூன்றாவது வார்த்தை "ஆஃப்".

நட்டு கிராணிக்குக் காரில் இருந்த பைத்தியம் ஓர் ஒழுங்கான பைத்தியம். வேகம் கூட்டுகிறேன் என்று இஞ்சினை வெட்டிக் கூறு போடுகிற ஜாதி இல்லை அவர். பட்டறைகளில் 'போல்ட்-ஆன்' என்பார்களே, நட்டைக் கழற்றி, பழைய சாமானை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதிய சாமானை வைத்து முடுக்குவது, அது மட்டும்தான் அவர் மதம்.

"வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது" என்பார். "கழட்டு, மாட்டு, முடுக்கு. நாளைக்கு மனசு மாறினா பழசத் திருப்பி மாட்டிக்கலாம்லா. கல்யாணத்துல கூட இந்த வசதி கிடையாது."

இந்தக் கடைசி வரியைப் பவானி அக்கா இல்லாதபோதுதான் சொல்வார்.

அவருடைய இன்னொரு சட்டம், "கழட்டுனது கூடவே வரணும்." புதுச் சாமான் வழியில் காலை வாரினால் பழையதை அங்கேயே மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம் அல்லவா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதில் ஒளிந்திருந்த ஆபத்து எங்கள் யாருக்கும் ரொம்ப நாள் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு முன்னால் சின்னக் கார்கள் வரிசை கட்டும். சுற்றுவட்டாரத்தில் யார் கார் வாங்கினாலும், முதலில் எதை மாற்றலாம் என்று கேட்க அவரிடம்தான் வருவார்கள். டிராக்டர் ஓட்டுகிற சேகர் ஒருநாள் தன் காரோடு வந்தான்.

"அண்ணே, காடிக்கு ஸ்பீடு பத்தல. டர்போ மாதிரி ஏதாச்சும் மாட்டிவிடுங்கலா."

"எதுக்கு?"

"ஸ்பீடுக்குத்தான்."

"ஸ்பீடு எதுக்கு?"

சேகர் அதை யோசித்துக்கொண்டு வரவில்லை. நட்டு கிராணி குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் வழுக்கைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என் தலையே தேவலாம் போல இருக்கு. இதுல முடி சுத்தமா இல்ல. மொதல்ல டயரு மாத்து. அப்புறம் பிரேக்கு. நிக்கத் தெரியாத காடிக்கு ஓடறதுக்கு என்னப்பா அவசரம்?"

டர்போ கேட்டு வந்த சேகர் நாலு டயரும் ஒரு ஜோடி பிரேக் பேடும் போட்டுக்கொண்டு போனான். "வேகம் கேட்டா நிக்கிறதுக்கு வழி சொல்லி அனுப்பிட்டாரு" என்று எஸ்டேட் முழுக்கப் புலம்பினான். அடுத்த மாதம் மழையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மாட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது. அன்று சாயங்காலமே சேகர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து அவர் வீட்டு வாசலில் நின்றான்.

டயர், பிரேக் முடிந்தால் அடுத்தது எண்ணெய், பிளக், ஏர் ஃபில்டர். காருக்கு நல்ல மூச்சு வரவேண்டும் என்பார். புகைக்குழாய் எப்போதும் கடைசி. பெரிய குழாய் கேட்டு வருகிறவர்களிடம், "சத்தம் கூடினா வேகம் கூடிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கோழி முட்டை போட்டாலும்தான் ஊரக் கூட்டுது, அதுக்காக ரேஸுக்கா போகுது?" என்பார். ஸ்டிக்கர் கேட்டு வந்தவர்களுக்கு மரியாதையே கிடையாது. "அது ஒட்டுற சாமான். நம்மகிட்ட முடுக்குற சாமான் மட்டும்தான்" என்று கதவைச் சாத்திவிடுவார்.

அவருடைய வைத்தியம் பிசகியது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறை. எஸ்டேட் கோயில் பூசாரி தன் கார் இளைக்கிறது என்றார். பெட்டிக்குள் அடைத்துவைத்த பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டு, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் காளான் மாதிரியான ஃபில்டர் ஒன்றை முடுக்கி அனுப்பினார் நம்மவர். அந்த வகை ஃபில்டர் காற்றை இழுக்கும்போது 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதைப் பூசாரியிடம் சொல்ல மறந்துவிட்டார். சாயங்காலம் காரை எடுத்த பூசாரி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். உஸ்ஸ்ஸ். காலை எடுத்தார். சத்தம் இல்லை. மறுபடி மிதித்தார். உஸ்ஸ்ஸ்ஸ்.

அரை மணி நேரத்தில் எஸ்டேட்டே கோயில் வாசலில் கூடிவிட்டது. காருக்கு முன்னால் ஒரு கிண்ணம் பால், இரண்டு முட்டை, கொஞ்சம் மஞ்சள். பூசாரி கற்பூரம் கொளுத்தப் போகிற நேரத்தில் நட்டு கிராணி ஓடிவந்தார்.

"சாமி, பாம்பு இல்ல சாமி, ஃபில்டரு!"

"வந்திருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும், தள்ளி நில்லுய்யா" என்றார் பூசாரி.

கூட்டமும் பூசாரி பக்கம்தான். கடைசியில் நட்டு கிராணி அங்கேயே மூடியைத் திறந்து, புதியதைக் கழற்றி, காரிலேயே கிடந்த பழைய பெட்டியைத் திருப்பி முடுக்க வேண்டியதாயிற்று. கழற்றியது கூடவே வரவேண்டும் என்ற சட்டம் அன்று அவர் மானத்தைக் காப்பாற்றியது. உஸ் சத்தம் நின்றது. பூசையால் பாம்பு இறங்கிப் போய்விட்டது என்றுதான் ஊர் இன்றைக்கும் நம்புகிறது.

இப்படி ஊரார் கார்களை எல்லாம் தேற்றிக்கொண்டிருந்தவருக்கு அவர் வீட்டிலேயே ஒரு சோதனை வந்தது. சிரம்பான் பக்கத்து லோபாக்கில் ஒரு கல்யாணம். நட்டு கிராணியின் தங்கை குடும்பத்துக் கல்யாணம் என்பதால் பவானி அக்கா பட்டுச்சேலை, கொண்டை, தலை நிறையப் பூ என்று முழு அலங்காரத்தோடு முன் சீட்டில் ஏறினார். ஆஃப் மேடு வந்தது. ஏர்கோண் அணைந்தது, கண்ணாடிகள் இறங்கின. அன்றைக்குப் பார்த்து முன்னால் இரண்டு பழலாரி. முந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மேடு முழுக்க அந்தப் புகையிலேயே ஊர்ந்தார்கள். மண்டபத்தில் போய் இறங்கியபோது அக்காவின் கொண்டை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம், முகத்தில் பவுடர் செம்மண்ணோடு குழைந்து ஒரு புது நிறம்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த நாத்தனார் இவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன அண்ணி, வேலைக்காட்டுலேர்ந்து நேரா வந்துட்டீங்களா?"

பவானி அக்கா உள்ளே போனார். சாப்பிட்டார், மொய் கொடுத்தார், மணமக்களை வாழ்த்தினார். வெளியே வந்து காருக்கு முன்னால் நின்று கணவரிடம் நிதானமாகச் சொன்னார்:

"ஏர்கோண் ஓடணும், கண்ணாடி மூடியிருக்கணும், அந்த மேட்ட இந்தக் காடி ஏறணும். அதுவரைக்கும் இதுல நான் ஏறமாட்டேன்."

"பவானி, இது அறுநூத்தி அறுபது சிசிம்மா..."

"எனக்கு சிசி தெரியாது. நீங்கதான ஊரு காடிய எல்லாம் ஓட வைக்கிறவரு."

சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். இது கோபத்தில் சொல்கிற பேச்சு, ரெண்டு நாளில் ஆறிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். மூன்று வருடம் ஆறவில்லை. சந்தைக்குப் பஸ், கோயில் திருவிழாவுக்குப் பஸ், சிரம்பானில் டாக்டரைப் பார்க்கப் போனாலும் பஸ்.

நட்டு கிராணிக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றுதான்: அந்த முன் சீட்டில் பவானி அக்கா உட்கார வேண்டும். அதை வாயால் சொல்லி மன்றாடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஸ்பானரால்தான் சொல்லத் தெரியும். சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் ஏர் ஃபில்டர். அப்புறம் பிளக், பிளக் வயர். பாட்டரியிலிருந்து இஞ்சினுக்குத் தடித்தடியான கிரவுண்டிங் வயர்கள். இஞ்சினிலிருந்து புகை வழுக்கிக்கொண்டு வெளியேற வளைந்து வளைந்து போகும் ஒரு குழாய். எடை குறைந்த புல்லி. எடை குறைந்த அலாய் சக்கரங்கள். குட்டையான ஸ்பிரிங். ஒவ்வொன்றும் முடுக்கி முடித்த மறுநாள் காலையில் அவர் ஒரு பூத்துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் ஏர்கோணை அணைத்து, வியர்வையில் துவாலை நனைந்து திரும்பி வருவார்.

"இன்னும் கொஞ்சம்தான் தம்பி. அந்தப் புளியமரம் வரைக்கும் போயிருச்சு."

போன மாதமும் புளியமரம்தான். அதற்கு முந்தைய மாதமும் அதேதான். இத்தனை சாமான் மாற்றியும் கார் புளியமரத்தைத் தாண்டவில்லை. அந்த மரத்துக்கும் இவருக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை என்றே நான் நினைத்திருந்தேன்.

இதில் இன்னொரு கூத்து. அக்கா பஸ்ஸில் போகும் நாட்களில் எல்லாம் இவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போவார். நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே அதிகமாக வேகச் சாமான் முடுக்கிய சின்னக் கார் அதுதான். அது ஒரு பழைய பஸ்ஸை ஒருமுறைகூட முந்தியது கிடையாது. பஸ் நாற்பதில் போனால் இவரும் நாற்பது. பஸ் நின்றால் இவரும் ஓரம் கட்டுவார். பஸ் ஓட்டுகிறவர் என் கொட்டகைக்கு வந்தே முறையிட்டார்.

"யாருய்யா அந்த ஆளு? பின்னாடியே வராரு. கைகாட்டி வழி விட்டாலும் போகமாட்டேங்கறாரு. சத்தம் வேற ரேஸ் காடி மாதிரி! எனக்கு ரோட்டப் பாக்குறதா, கண்ணாடியப் பாக்குறதான்னே தெரியலலா."

நான் நட்டு கிராணியிடம் கேட்டேன். "பஸ்ஸு பழசு தம்பி. நடுவழியில நின்னுட்டா அவ என்ன பண்ணுவா?" என்றார். புதிதாக வாங்கிய பஸ் வந்த பிறகும் அதே பதில்தான்.

பவானி அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பஸ்ஸில் முன்னால் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் அவர் நேராகப் போய்க் கடைசி வரிசையில், பின் கண்ணாடிப் பக்கமாகத்தான் உட்காருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நட்டு கிராணி என் கொட்டகைக்குள் பாய்ந்து வந்தார். துவாலை தோளில் காய்ந்து கிடந்தது.

"ஏறிருச்சு!"

"எது?"

"காடிலா! ஏர்கோண் போட்டு, கண்ணாடி மூடி! புளியமரம் போச்சு, வளைவு போச்சு, உச்சி போச்சு! இறங்கவே மனசில்ல தம்பி, அங்கேயே நின்னு ஒரு சிகரெட்டு..." சிகரெட்டை விட்டுப் பத்து வருடமாகிறது என்பது அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு ஓடினார். பவானி அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய், மூன்று வருடமாகப் பெட்டியில் கிடந்த அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினார். என் கொட்டகையைத் தாண்டும்போது பார்த்தேன். ஏர்கோண் காற்றில் அக்காவின் நெற்றி முடி ஆடிக்கொண்டிருந்தது. நட்டு கிராணி கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

மேடு கொட்டகையிலிருந்து நன்றாகத் தெரியும். கார் ஏறியது, ஏறியது, புளியமரத்துப் பக்கம் போய் நின்றது.

பிறகு அக்கா பக்கத்துக் கதவு திறந்தது. என்ன பேசினார்கள் என்பது பின்னால் எனக்குத் தெரியவந்தது. "தனியா வந்தப்ப ஏறிச்சுன்னீங்க. அப்ப நான் ஏறினதுதான் பாரமா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். நட்டு கிராணி பொய் சொல்லத் தெரியாத மனிதர். உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. பேசாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த ஒரு நிமிட மௌனத்தைப் பவானி அக்கா பதிலாக எடுத்துக்கொண்டார்.

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து விடுவிடுவென்று நடந்து வந்தவர், நேராக என் லாரித் தராசின் மேல் ஏறி நடுவில் நின்றார். பின்னாலேயே கார் ரிவர்ஸில் உருண்டு வந்தது.

"தம்பி, என்னை எடை போடுங்க."

"அக்கா, இது லாரிக்கு உள்ளது. பத்துப் பத்து கிலோவாத்தான் காட்டும்..."

"போடுங்கன்னா போடுங்க."

போட்டேன். எழுபது என்று காட்டியது. "கிளினிக்குல அறுபத்தி எட்டு. ரெண்டு கிலோ உங்க தராசுக்கு இனாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். "இப்ப அந்தக் காடிய ஏத்துங்க. ஆள் இல்லாம."

நட்டு கிராணி காரை ஏற்றிவிட்டு இறங்கி ஓரமாக நின்றார். எண்ணூற்று இருபது.

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "கம்பெனியிலேர்ந்து வர்றப்ப இந்தக் காடி எவ்ளோ எடை?"

காரைப் பற்றி யார் எந்த நேரத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் சரியான பதில் சொல்லியே தீர வேண்டும் என்பது அவருடைய வியாதி. "அறுநூத்தி எண்பது" என்றார் பட்டென்று. சொன்ன பிறகுதான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப மிச்சம் நூத்தி நாப்பது கிலோ யாரு?"

அக்கா போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். பின் சீட்டில் கைலி போர்த்தி ஏதோ படுத்திருந்தது. கைலியை உருவினார். கம்பெனி இரும்புச் சக்கரங்கள், டயரோடு நாலு. அதற்குக் கீழே பழைய ஸ்பிரிங்குகள். காரின் பின்னால் போய்ச் சாமான் வைக்கிற டிக்கியைத் திறந்தார். பழைய புகைக்குழாய், பழைய புல்லி, பழைய ஃபில்டர் பெட்டி, பழைய பிளக் வயர், எப்போதோ எந்தக் காலத்திலோ மாற்றிய பழைய ஹாரன், ரெண்டு பெட்டி நிறைய ஸ்பானர்.

கழற்றியது கூடவே வரவேண்டும் என்ற சட்டப்படி எல்லாம் கூடவே வந்துகொண்டிருந்தன. காரை லேசாக்க ஒரு சாமானை முன்னால் முடுக்கினால், கழற்றிய சாமான் பின்னால் ஏறிக்கொண்டது. மூன்று வருடமாக அந்த மனிதர் கார் மேல் கார் ஏற்றிக்கொண்டு மேடு ஏறப் பார்த்திருக்கிறார். புளியமரத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை.

"நூத்தி நாப்பது" என்றார் அக்கா. கை இடுப்புக்குப் போனது. "ரெண்டு பவானி! ரெண்டு பவானிய பின்னாடி கைலி போர்த்திப் படுக்க வச்சுக்கிட்டு, முன்னாடி உக்காந்த ஒரு பவானியப் பாரம்ங்கறீங்க!"

"நான் சொல்லவே இல்லியே..."

"அதான் தப்பு! சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்ல?"

அதற்குள் தராசுக்குப் பின்னால் நாலு பழலாரி வந்து நின்று ஹாரன் அடித்தன. முதல் லாரியிலிருந்து இறங்கி வந்த மலாய்க்காரர், நிலைமையைப் பார்த்துவிட்டு, இங்கே நடப்பது கல்யாணமா விவாகரத்தா என்று என்னைக் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

சாமான்கள் இறங்கின. என் கொட்டகையில்தான் இறங்கின. நட்டு கிராணி ஒவ்வொன்றையும் தூக்கித் துடைத்து, சுவரோரமாகச் சாய்த்துவைத்தார். நாலாவது சக்கரத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்தபடி நின்றார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற தகப்பன் மாதிரி இருந்தது. "வழியில ஏதாச்சும் ஒடைஞ்சா..." என்று ஆரம்பித்தார்.

"ஒடைஞ்சா பஸ்ஸுல வரலாம்" என்றார் அக்கா. "எனக்கு டைம் டேபிள் மனப்பாடம்."

சாட்சிக்கு என்னையும் ஏறச் சொன்னார்கள். நான் எழுபத்தாறு கிலோ. நூற்று நாற்பதைக் கழித்த இடத்தில் எழுபத்தாறு ஏறினாலும் லாபம்தான் என்று நட்டு கிராணியே கணக்குப் போட்டுச் சொன்னார். லாரிகளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, தராசைக் கால் மணி நேரம் மூடினேன். இந்தக் கதை வருகிற பத்திரிகையைப் பெரிய கிராணி வாங்குவதில்லை என்று நம்புகிறேன். மூன்று வருடத்தில் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்த முதல் மனிதப் பிறவி நான்தான்.

ஏர்கோண் முழு வேகத்தில். கண்ணாடி எல்லாம் மூடி. அடிவாரம் வந்ததும் என் வாய் பழக்கதோஷத்தில் "ஆ..." என்று ஆரம்பித்தது. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது கியர். புளியமரம் கிட்டத்தில் வந்தது. சத்தம் கொஞ்சம் இறங்கியது. நட்டு கிராணியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. நான் என்னை அறியாமல் முன் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். புளியமரம் பக்கவாட்டில் வந்தது. பிறகு பின்னால் போனது.

வளைவு. உச்சி. கார் சமதரையில் தங்கமாக நின்றது.

மூன்று வருடம், அத்தனை சாமான், அத்தனை துவாலை. நட்டு கிராணி கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் கழுத்து வியர்வையைத் துடைத்தார். பவானி அக்கா நேரே பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

"குளிருது" என்றார். "ஆஃப் பண்ணுங்க."

அவர் அணைத்தார். அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கினார். கீழே எஸ்டேட்டிலிருந்து என் தராசுக்காகக் காத்திருந்த லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் பவானி அக்கா பஸ் ஏறவே இல்லை.

சில வருடம் கழித்து எனக்குச் சிரம்பானில் வேறு வேலை கிடைத்தது. லோபாக்கில் வீடு பார்த்தேன். குடிபெயர்கிற அன்று லாரியில் சாமான் ஏற்றி, குடும்பத்தை ஏற்றி, நட்டு கிராணியிடம் சொல்லிக்கொள்ளப் போனால் ஸ்டோர் பூட்டியிருந்தது. வீடும் பூட்டியிருந்தது. இத்தனை வருடப் பழக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப ஆள் இல்லையே என்று எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது.

லாரி ஆஃப் மேட்டில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தபோது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் புகைக்குள்ளேயே அந்தச் சின்னக் கார் வந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் பவானி அக்கா, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டியிருந்தார். லாரிக்காரர் இரண்டு மூன்று தடவை ஓரம் ஒதுங்கி வழி விட்டார். கார் முந்தவில்லை. லாரி நாற்பதில் போனால் அதுவும் நாற்பது. கோலா பிலா தாண்டி, சிரம்பான் வந்து, லோபாக் வீட்டு வாசல் வரைக்கும் அப்படியே வந்தது.

இறங்கியதும், "என்னண்ணே, பின்னாடியே வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து லாரியின் டயரைத் தடவிப் பார்த்தார். "லாரி பழசு தம்பி" என்றார். அது போன வருடம் வாங்கிய லாரி.

பவானி அக்காதான் சொன்னார். "நீங்க எங்க எஸ்டேட்டுலேர்ந்து கழண்டு வர்ற சாமான்லா. கழட்டுனத இவரு எப்ப தனியா விட்டிருக்காரு?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விழுந்த நட்டைத் தேடுகிறவன்போல நானும் அவருக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டேன்.